மோட்டாரை நிறுத்திய தெரு

என் அண்ணன் மனைவியை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கும் சின்னவர்களுக்கும் அவள் பீப்பி அக்காதான். தண்ணீர் ஆபீஸில் வேலை. போர்வெல்களில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அளந்து பார்ப்பது அவள் தொழில். அதற்கென்று ஒரு கருவி வைத்திருந்தாள். சக்கரத்தில் சுற்றிய நீளமான நாடா, அதன் நுனியில் விரல் பருமனுக்கு ஒரு உலோகக் குண்டு. நாடாவைக் குழாய்க்குள் இறக்கிக்கொண்டே போவாள். குண்டு தண்ணீரைத் தொட்டதும் சக்கரத்தோடு இருக்கும் பெட்டி 'பீப்' என்று கத்தும். அந்தச் சத்தம்தான் அவளுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

முன்பெல்லாம் அவளைப் பற்றி யாரிடம் பேசினாலும் 'அண்ணி சொன்னாங்க', 'அண்ணி வந்தாங்க' என்றுதான் என் வாயில் வரும். இப்போது எழுத உட்கார்ந்தால் 'சொன்னாள்', 'வந்தாள்' என்று வருகிறது. திருத்தலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

கல்யாணமாகி வந்த புதிதில், என்ன வேலை என்று என் அம்மா கேட்டதற்கு, "தண்ணி அளக்கிறேன் அத்தை" என்று சொல்லியிருக்கிறாள். லாரியில் நின்றுகொண்டு குடம் குடமாக ஊற்றிக் கொடுக்கிற வேலை என்று அம்மா நினைத்துவிட்டாள். "பரவாயில்ல, நம்ம வீட்டுக்குன்னா ரெண்டு குடம் சேர்த்து ஊத்துவா" என்று என்னிடம் ரகசியமாகச் சந்தோஷப்பட்டாள். உண்மை தெரிந்த பிறகு, குழாய்க்குள் கயிறு விட்டுப் பார்ப்பதற்கா இவ்வளவு படிப்பு என்று அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். என் அண்ணனோ பஸ் டெப்போவில் டயர் மாற்றுகிறவன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஜாதி. அந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று வந்ததே அண்ணி வந்த பிறகுதான்.

அவள் ஒரு தினுசு. எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பாள், பிறகு வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டுவாள். "இது மேல் தண்ணி, மழை நின்னா போயிடும்" என்பாள். அல்லது, "இது பாறை இடுக்குத் தண்ணி, பத்திரமா வெச்சுக்குங்க" என்பாள். கொடுத்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது எழுந்து போய், சொட்டிக்கொண்டிருந்த கொல்லைக் குழாயைத் துணியால் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்து மறுபடியும் அழுதாள். பக்கத்தில் இருந்த எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

என் வீட்டில் இருக்கும் போர்வெல்லை எனக்குக் கொடுத்ததே அவள்தான். வேலை தேடிக்கொண்டு வருகிறேன் என்று வெளியூர் போன என் வீட்டுக்காரர் வேலையையும் அனுப்பவில்லை, தன்னையும் அனுப்பவில்லை. நான் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அண்ணி ஒரு நாள் பின்வாசல் வழியாக வந்தாள். 'எழுந்திரு, தைரியமாக இரு' என்றெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. கொல்லையில் இங்கும் அங்கும் நடந்தாள், கற்களைப் புரட்டினாள், மண்ணைக் கையில் நசுக்கினாள். கடைசியில் மதில் ஓரமாக ஒரு இடத்தைக் காலால் கீறினாள். போர் போடுகிறவர் அங்கே வேண்டாம், நடுவில் போடலாம் என்றார். "நீங்க ஓட்டை போடுங்க, எங்கன்னு நான் சொல்றேன்" என்றாள். கலங்கிய தண்ணீர் பீறிட்டு வந்து எங்கள் இருவரையும் நனைத்தது. நாடாவை இறக்கினாள். நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் 'பீப்'.

"சோப்பு வாங்கிக்கோ. துணி வெளுக்க ஆரம்பி" என்றாள்.

அப்படித்தான் என் லாண்டரி ஆரம்பித்தது. இரண்டு விடுதிகளின் படுக்கை விரிப்புகள், ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் போர்வைகள், தெருவின் சட்டை பேண்டுகள். அன்றிலிருந்து அண்ணி என்னைச் 'சோப்பு' என்றுதான் கூப்பிடுவாள். பின்கதவை அவள் ஒருநாளும் தட்டியதில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "சோப்பு, டீ இருக்கா?" என்பாள். டீ குடித்ததும் போர்வெல்லில் நாடாவை இறக்கி, சத்தம் கேட்ட பிறகுதான் கிளம்புவாள். வேலை நிமித்தம் அல்ல. சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று போகிற போக்கில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்களே, அப்படி.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பெரிய காலி நிலம் இருந்தது. முள்ளும் கல்லும்தான். அங்கே அடுக்குமாடி வீடுகள் வரப்போகின்றன என்று பலகை வைத்தார்கள். பலகையில் நீச்சல் குளமும் அதன் கரையில் சிரிக்கும் ஒரு குடும்பமும் இருந்தன. எங்கள் தெருவில் ஆபீஸ் குழாய்த் தண்ணீர் வாரத்தில் ஏதோ ஒரு நாள் வரும், அதுவும் மனசு வைத்தால். எல்லோரும் அவரவர் போர்வெல்லை நம்பித்தான் இருந்தோம். நிலத்துக்கு அடியில் இருப்பது ஒரே தண்ணீர்தானே, அத்தனை புது வீடுகளுக்கும் நமக்கும் சேர்த்துத் தாங்குமா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

தண்ணீர் இருக்கிறது என்று சோதித்துச் சொன்னால்தான் கட்ட அனுமதி. சோதனை செய்கிற பொறுப்பு அண்ணிக்கு வந்தது. கேட்டதும் எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நம்ம பீப்பி அக்கா பார்த்துக்கொள்வார் என்று சலூன்காரர் கத்தரிக்கோலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

சோதனை எப்படி என்று என் அடுப்படியில் உட்கார்ந்து அண்ணியே விளக்கினாள். காலி நிலத்தில் போட்டிருக்கும் பெரிய போர்வெல்லை மூன்று நாள் நிறுத்தாமல் ஓட்டுவார்கள். அப்போது சுற்றி இருக்கிற எங்கள் போர்வெல்களில் தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள்.

"அந்த மூணு நாளும் நீங்க யாரும் மோட்டார் போடக் கூடாது, சோப்பு. நீங்க எடுத்ததால இறங்குச்சா, அவங்க எடுத்ததால இறங்குச்சான்னு தெரியாம போயிடும்."

"நாங்க எடுக்காம இருந்தா தண்ணி நிறைய இருக்கிற மாதிரிதானே அண்ணி காட்டும்?"

"அதனாலதான் ரெண்டு சோதனை. ஒரு பாத்திரம் சாப்பாடு இருக்குன்னு வெச்சுக்கோ. விருந்தாளி எவ்வளவு சாப்பிடுவார்னு பார்க்க முதல்ல அவரை மட்டும் உட்கார வைக்கணும். அப்புறம் கோடையில எல்லாரையும் பந்தியில உட்கார வெச்சு, பாத்திரத்துல என்ன மிச்சம்னு பார்க்கணும். ரெண்டையும் சேர்த்துத்தான் முடிவு சொல்லுவேன்."

எனக்கு நன்றாகப் புரிந்தது. அவளோடு வீடு வீடாக நானும் போனேன். எங்க அண்ணி சொல்றாங்க, மூணு நாள் பொறுத்துக்குங்க, அப்புறம் கோடையில இன்னொரு சோதனை இருக்கு, நான் பொறுப்பு என்றேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. குடங்களிலும் தொட்டிகளிலும் முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் உயிராக வளர்க்கிற செடிகளுக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றினார். டியூஷன் டீச்சர் தலைக்குக் குளிப்பதைத் தள்ளிப் போட்டார். நான் விடுதிக்காரர்களிடம் பொய்க் காய்ச்சல் சொல்லிவிட்டு அழுக்கு விரிப்புகளைக் குவித்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். தெருவில் ஒரு மோட்டார் சத்தம் இல்லை. காலி நிலத்தில் அந்தப் பெரிய மோட்டார் மட்டும் ராப்பகலாக உறுமிக்கொண்டிருந்தது. அண்ணி கண் சிவந்துபோய், வீடு வீடாக நாடாவை இறக்கிக் குறித்துக்கொண்டு போனாள். அவளுக்கு ஒவ்வொரு வாசலிலும் டீ கிடைத்தது. எங்கள் தெரு அந்த மூன்று நாளும் இருந்ததுபோல் ஒற்றுமையாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

மழைக்காலம் முடிந்த சமயம் அது. எங்கள் போர்வெல்களில் தண்ணீர் கொஞ்சம்தான் இறங்கியது.

அதற்குப் பிறகு ஊர்க்கூட்டம் ஒன்று வைத்தார்கள். கட்டட அனுமதி பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று. மின்விசிறிகள் கடகடக்கிற ஒரு பெரிய கூடம். மேடையில் அண்ணியின் மேலதிகாரி. யார் திட்டினாலும் சிரிக்கிறவர் என்பதால் ஆபீஸிலேயே அவருக்குச் சிரிப்பு சார் என்று பெயர். அண்ணி மேடையின் ஓரத்தில் ஒரு நாற்காலியில் இருந்தாள். சிரிப்பு சார் அறிக்கையை வாசித்தார். அருகில் உள்ள கிணறுகளில் பாதிப்பு மிகக் குறைவு, புதிய குடியிருப்புக்கு நீர்வளம் போதுமானது என்றார். கோடைச் சோதனை பற்றி மூச்சே இல்லை.

மறந்துவிட்டார் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். எழுந்து நின்றேன். கேட்டேன்.

"சார், அந்த மூணு நாளும் நாங்க யாருமே தண்ணி எடுக்கல. எடுக்க வேண்டாம்னு சொன்னாங்க. நாங்க எடுக்காம விட்ட தண்ணியைக் கணக்குல காட்டி இருக்குன்னு சொல்றீங்களே. கோடையில இன்னொரு சோதனை உண்டுன்னு சொன்னாங்களே, அது எப்ப?"

கூடத்தில் சலசலப்பு. சிரிப்பு சார் சிரித்துக்கொண்டே அண்ணியின் பக்கம் திரும்பினார். "சோதனையை நடத்துனவங்களே இருக்காங்க. நீங்களே சொல்லிடுங்கம்மா. முறைப்படிதானே நடந்தது?"

அண்ணி எழுந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள்.

"சோதனை விதிப்படி நடந்தது" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. பக்கத்து மோட்டார்களை நிறுத்தச் சொல்வது விதிதான். அதனால்தான் எனக்குக் காது அடைத்துப்போனது. பொய் சொல்லியிருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன். சலூன்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் பார்த்தார். நான் பொறுப்பு என்று அவர்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னவள் நான்தானே.

சாயந்திரம் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். டீ கேட்கவில்லை.

"கூட்டத்துக்கு முன்னாடி சார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், சோப்பு. கோடைச் சோதனையை அனுமதியிலேயே நிபந்தனையாப் போட்டுடறேன், இன்னைக்கு மேடையில மட்டும் குழப்பம் பண்ணாதேன்னார். நான் அங்க வாயைத் திறந்திருந்தா வேலையை வெளியாள் யார்கிட்டயாவது கொடுத்துடுவாங்க. அப்புறம் ரெண்டாவது சோதனையே நடக்காது. கொஞ்சம் பொறு."

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணி. நான் எழுந்து நின்னிருக்க மாட்டேனே."

"நீ எழுந்து நிப்பேன்னு நான் நினைக்கல."

எனக்குச் சுருக்கென்றது. தண்ணீர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று மண்ணைப் பார்த்தே சொல்கிறவளுக்கு, என்னைப் பார்த்து இது தெரியவில்லையா? இருந்தாலும் பொறுத்தேன். அவள் சொன்னால் சொன்னதுதான் என்று அத்தனை வருஷம் இருந்தவள், ஒரே நாளில் எப்படி மாறுவது?

அனுமதி வந்தது. நிபந்தனை வரவில்லை. அண்ணி போய்க் கேட்டிருக்கிறாள். "பார்க்கலாம்னுதானேம்மா சொன்னேன், போடறேன்னா சொன்னேன்?" என்று சிரித்தாராம் சிரிப்பு சார். அவளை அவர் நடுத்தெருவில் நிறுத்திவிட்டார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. பாவம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால், அப்போதாவது சலூன்காரர் வீட்டுக்கும் டீச்சர் வீட்டுக்கும் போய், இப்படி என்னை ஏமாத்திட்டாங்க, வாங்க எல்லாரும் சேர்ந்து போய்க் கேட்போம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மோட்டாரை நிறுத்தச் சொல்ல வாசல் வாசலாக ஏறிய கால்தானே? நான் கெஞ்சினேன்.

"வேலை போயிடும், சோப்பு" என்றாள். "உங்க அண்ணன் சம்பளத்துல குடும்பம் ஓடுமா, சொல்லு."

ஓடாது என்பது எனக்கும் தெரியும். என் குடும்பமும் இந்த ஒரு போர்வெல்லில்தான் ஓடுகிறது என்பது அவளுக்கும் தெரியும்.

வீடுகள் எழும்பின. பலகையில் சிரித்த குடும்பம் மாதிரியே நிறையக் குடும்பங்கள் வந்தன. அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, தண்ணீர் இருக்கிறது என்று சொன்னதை நம்பி வந்தவர்கள். முதல் கோடையில் என் மோட்டார் விட்டு விட்டு இழுத்தது. அடுத்த கோடையில் இன்னும் ஆழத்துக்கு இறக்கினேன். அதற்கடுத்த கோடையில் குழாய் திறந்தால் காற்றுதான் வந்தது. விடுதிக்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். இருந்த நாலு சட்டைகளுக்கு லாரித் தண்ணீர் வாங்கி வெளுத்தால் கையைச் சுட்டுக்கொள்வதுதான் மிச்சம். லாண்டரிப் பலகையைக் கழற்றி, கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இப்போது அந்த அடுக்குமாடியிலேயே இரண்டு வீடுகளில் துணி துவைக்கப் போகிறேன். அங்கே இன்னும் தண்ணீர் வருகிறது, அவர்களுடைய போர்வெல் எங்களுடையதைவிட அவ்வளவு ஆழம்.

தபால்காரர் செடித்தொட்டிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டார். சிரிப்பு சாரைத் தெருவில் யாரும் திட்டவில்லை, அவர் யாரென்று பாதிப் பேருக்குத் தெரியாது. "உங்க அண்ணி வந்தாங்களே, அன்னைக்கு" என்றுதான் என்னிடம் ஆரம்பிப்பார்கள். சலூன்காரர் அதையும் சொல்லமாட்டார். நான் கடையைத் தாண்டும்போது ரேடியோவைச் சத்தமாக வைப்பார். அண்ணி என் வீட்டுக்கு வருவது குறைந்து, பிறகு நின்றே போனது. அண்ணன் மட்டும் எப்போதாவது வந்து, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவான். அவனிடம் போய் என்ன கேட்பது?

போன வாரம், மத்தியானம். கொல்லையில் ஏதோ சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணி மதில் ஓரம் குனிந்து போர்வெல் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. நான் வெளியே போய் நின்றேன்.

"ரெண்டாவது சோதனை" என்றாள், நிமிராமல். "அவங்க இன்னும் நாலு கட்டடம் கட்டப் போறாங்க. அதுக்கு அனுமதி கேட்டிருக்காங்க. இந்தத் தடவை நீங்க எல்லாரும் வழக்கம்போல மோட்டார் ஓட்டலாம். அதுதான் முறை. நான்தான் விடாப்பிடியா எழுதி வாங்கினேன்."

எல்லோரும் பந்தியில் உட்காருகிற சோதனை. எத்தனை வருஷம் கழித்து.

நாடாவை இறக்கினாள். சக்கரம் கிறுகிறுவென்று சுற்றியது. நான் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன், வராது என்று தெரிந்தும். அவளும் காத்திருந்தாள். நாடா குழாயின் அடியைத் தொட்டுத் துவண்டு, வாய்ப் பக்கம் சுருண்டு நின்றது. பெட்டி கத்தவில்லை. அவள் நாடாவைத் தூக்கித் தூக்கி இறக்கிப் பார்த்தாள்.

"போதும் அண்ணி. இல்லைன்னு எழுதிக்கோங்க."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "இல்லைன்னு எழுத முடியாது. இறங்குறதை அளக்கணும்னா தண்ணி இருக்கணும். வறண்டு போன போர்வெல்லைச் சோதனையில சேர்க்க மாட்டாங்க. தண்ணி இருக்கிறதை மட்டும்தான் எடுத்துக்குவாங்க."

"தெருவுல யார் வீட்டுலயும் இல்லையே."

"அப்ப உங்க தெருவையே சேர்க்க முடியாது. அந்தப் பக்கம் ரெண்டு ஆழமான போர்வெல் இருக்கு. அதை வெச்சுத்தான்."

உங்க தெரு என்றாள். அன்றைக்கு நாங்கள் தண்ணீரை எடுக்காமல் இருந்தோம், அதனால் தண்ணீர் இருக்கிறது என்றார்கள். இன்றைக்கு எங்களிடம் எடுக்கத் தண்ணீரே இல்லை, அதனால் நாங்களே இல்லை என்கிறார்கள். இதையும் அவள்தான் வந்து என்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது, அவள் காலால் கீறிக்காட்டிய இடத்திலேயே நின்றுகொண்டு.

"இதுவும் விதிப்படிதானே அண்ணி?" என்று கேட்டேன்.

அவள் நாடாவைச் சுற்ற ஆரம்பித்தாள். நான் உள்ளே போய்ப் பின்கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். அந்தக் கதவுக்குத் தாழ் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது, துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. உள்ளங்கையால் அடித்து அடித்துத்தான் தள்ளினேன். அடுப்படியில் வந்து நின்றேன். வெளியே அவள் நாடாவைச் சுற்றுகிற சத்தம், போர்வெல் மூடியைத் திருகுகிற சத்தம். நன்றாக இறுக்கித் திருகினாள், சொட்டுகிற குழாயைக் கட்டுகிற மாதிரி. அப்புறம் செருப்புச் சத்தம் பின்வாசல் படியில் ஏறி நின்றது.

இந்த வீட்டு போர்வெல்லைச் சேர்க்கவில்லை என்று வீட்டில் இருப்பவரிடம் தெரிவித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அதுவும் அவர்கள் ஆபீஸில் ஒரு நடைமுறை. அதற்காகத்தான் இருக்க வேண்டும்.

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் கதவைத் தட்டினாள்.

யாரென்று தெரிந்துகொண்டே, "யாரு?" என்று கேட்டேன்.

"சோப்பு, நான்தான்டி" என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் தாழைத் திறந்திருப்பேன். சத்தியமாகத் திறந்திருப்பேன்.

"தண்ணி ஆபீஸ்ல இருந்து வந்திருக்கேன்" என்றாள்.